சொல்லாமல் இருக்கவே தைக்கப்பட்ட சின்னங்கள்

தாம்பரம், பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பழைய வீடுகளில் பரணைக் காலி செய்தால் ஒரு டிரங்குப் பெட்டி இறங்கும். அந்துருண்டை வாசனை அடிக்கும் அந்தப் பெட்டியில் மேலாக ஒரு காக்கிச் சட்டை, நிறம் போன ரிப்பன், பெயர் பொறித்த ஒரு மெடல். அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துணித்துண்டு. சிலவற்றில் கறுப்புத் துணியில் வெறும் சிவப்பு வட்டம். சிலவற்றில் பச்சைத் துணியில் சீட்டுக்கட்டின் இஸ்பேட். சிலவற்றில் வளைந்த வாளைப் பிடித்த கை. எழுத்து ஒன்றும் இருக்காது. வீட்டில் யாரைக் கேட்டாலும் “தாத்தா பட்டாளத்துல இருந்தாரு” என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

எழுத்து இல்லாமல் போனது தற்செயல் அல்ல. இரண்டாம் உலகப் போரில் ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஒரு படம் கொடுத்து, அதைச் சட்டைக்கையில் தைத்துக்கொள்ளச் சொன்னார்கள். தன் படைக்காரனுக்கு அந்தப் படம் தெரியும், எதிரிக்குத் தெரியக் கூடாது என்பது ஏற்பாடு. கடற்படையிலும் இதே கட்டுப்பாடுதான். சமாதான காலத்தில் மாலுமியின் தொப்பி ரிப்பனில் கப்பலின் பெயர் முழுதாக இருக்கும். போர் வந்ததும் பெயரை எடுத்துவிட்டு ‘ஹெச்.எம்.எஸ்.’ என்ற மூன்றெழுத்தை மட்டும் விட்டார்கள். எண்பது வருடம் கழித்துப் பேரப்பிள்ளைகள் அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிறார்கள் என்றால், அதைச் செய்தவர்கள் எண்ணியது இன்றும் பலிக்கிறது என்று அர்த்தம்.

இத்தனை துணிகள் இந்தப் பகுதியில் கிடைப்பதற்குக் காரணம் இந்த மண்ணின் பழைய வேலை. பரங்கிமலை அடிவாரத்தில் 1759-இல் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மோதினார்கள். 1774-இல் பரங்கிமலை, பல்லாவரம் இரண்டையும் சேர்த்துக் கன்டோன்மென்ட் உண்டாயிற்று. மதராஸ் பீரங்கிப் படைக்குப் பரங்கிமலைதான் தாயகமாக இருந்தது. தாம்பரம் அந்தக் கணக்கில் பின்னால் வந்த ஊர். 1931-இல் கடற்கரையிலிருந்து மின்ரயில் வந்தது, 1937-இல் மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரி வந்தது, அதன்பின் போர் வந்தது.

1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டு வாங்கின. சென்னையில் பாதிப்பேர் ஊரைக் காலி செய்துகொண்டு கிளம்பினார்கள். தென்னிந்தியாவைக் காக்கவென்று புதுப் புது டிவிஷன்கள் எழுந்தன. 25-ஆவது இந்திய டிவிஷன் அந்த வருடம் ஆகஸ்டில் பெங்களூரில் உருவானது. மேலே சொன்ன இஸ்பேட் அதன் சின்னம். 20-ஆவது டிவிஷனும் அதே ஆண்டு பெங்களூரில்தான் எழுந்தது. கறுப்புத் துணியில் வளைந்த வாள் பிடித்த வெள்ளைக் கை அதனுடையது. இதோடு எளிதில் குழம்பக்கூடியது 19-ஆவது டிவிஷனின் சின்னம். அதிலும் ஒரு கை உண்டு, ஆனால் சிவப்புத் துணி, மஞ்சள் கை, பிடித்திருப்பது குத்துவாள். பர்மா முனைக்குப் போவதற்குமுன் தென்னிந்தியாவில் நின்றிருந்த அந்த டிவிஷன்தான் 1945 மார்ச்சில் மாண்டலேக்குள் நுழைந்தது. சாயம் வெளுத்த துண்டில் கை மட்டும் தெரிந்தால் வாளா குத்துவாளா என்று உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஒரு வளைவில் ஒருவருடைய போர்க்காலம் முழுதும் மாறிவிடும்.

தாம்பரத்தில் இன்று விமானப்படை நிலையம் இருக்கிற இடத்தைப் பற்றி உள்ளூர்க்காரர்களுக்கே அதிகம் தெரியாத ஒரு செய்தி உண்டு. போரின் கடைசி ஆண்டுகளில் அது பிரிட்டிஷ் கடற்படையின் விமானத் தளமாக இருந்தது. கரையிலிருந்த தளங்களையும் கப்பல்போலப் பெயரிட்டு அழைப்பது அவர்கள் வழக்கம். விமானத் தளங்களுக்குப் பறவைப் பெயர். அப்படித் தாம்பரத்துக்கு வைத்த பெயர் ஹெச்.எம்.எஸ். வல்லூறு. கோயம்புத்தூர்த் தளம் கருடா, சூலூர்த் தளம் வைரி. சமுத்திரமே எட்டிப்பார்க்காத தாம்பரத்தில் வெள்ளைக்கார மாலுமிகள் விமானம் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால், கருநீலத் துணியில் சிவப்பு நூலால் புரொப்பல்லர் போட்டு, கீழே ஓர் ஆங்கில எழுத்து தைத்த துண்டு இங்கே அகப்பட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். அது கடற்படை விமான மெக்கானிக்கின் கைச்சின்னமாக இருக்க இடமுண்டு. கீழேயுள்ள எழுத்து அவர் எஞ்சின்காரரா, உடற்பகுதி வேலைக்காரரா என்பதைச் சொல்லும். வெப்பநாட்டு வெள்ளை உடுப்பில் அதே சின்னம் நீல நூலில் வரும்.

துணியை அடையாளம் காண்பதற்கு முதலில் பார்க்க வேண்டியது படத்தை அல்ல என்பது என் அபிப்பிராயம். கிரீடம் இருக்கிறதா, சிங்கம் இருக்கிறதா என்று பாருங்கள். 1950 ஜனவரி 26 அன்று இந்தியா குடியரசானதும் படைச் சின்னங்களில் கிரீடம் போய் அசோகச் சிங்கம் ஏறியது. அந்த ஒரு தேதி பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும். விமானப்படைத் துணியாக இருந்தால் இன்னும் துல்லியம் கிடைக்கும். இந்திய விமானப்படைக்கு ‘ராயல்’ பட்டம் 1945 மார்ச்சில் கிடைத்தது, 1950-இல் போயிற்று. ஆகவே ‘ஆர்.ஐ.ஏ.எஃப்.’ என்று நான்கெழுத்து உள்ள துண்டு அந்த ஐந்து வருடத்துக்குள் பிறந்ததுதான். வேறு வழியே இல்லை.

அடுத்தது பின்னணி நிறம். சிவப்பு, கறுப்பு, சிவப்பு என்று குறுக்குப் பட்டைகள் வந்தால் அது ஒரு ராணுவக் கமாண்டின் சின்னம். நடுப்பட்டை வெள்ளையானால் கோர். அந்தப் பட்டைகளின்மேல் என்ன படம் என்பது அதற்குப் பிறகு. பர்மாவில் ஜெனரல் ஸ்லிம் நடத்திய 14-ஆவது ஆர்மியின் சின்னத்தில் வாளின் முனை கீழே பார்க்கும். வாளை அப்படிக் கவிழ்ப்பது சின்ன மரபுக்கு ஆகாது. ஆனால் வடக்கேயிருந்து தெற்கு நோக்கித்தான் பர்மாவை மீட்க வேண்டியிருக்கும் என்று ஸ்லிம் நினைத்தார், வாளைக் கவிழ்த்தார். பிடியை ஆங்கில ‘எஸ்’ வடிவில் வளைத்தார். தலைகீழாகத் தைத்துவிட்டார்கள் என்று நினைத்து யாராவது அதைத் திருப்பிச் சட்டம் போட்டிருந்தால், தயவுசெய்து நேராக்குங்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் 81-ஆவது டிவிஷன் கறுப்புச் சிலந்தியைத் தலைகீழாகத்தான் தைத்தது. வீரர் துப்பாக்கியை நீட்டும்போது அந்தச் சிலந்தி முன்னோக்கிப் பாய்வதுபோல் தெரியும்.

பெயரால் வரும் குழப்பம் தனி. கறுப்புப் பூனை என்றதும் இன்றைக்கு எல்லாருக்கும் 1984-க்குப் பிறகு வந்த தேசியப் பாதுகாப்புப் படைக் கமாண்டோக்கள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் பர்மா பின்வாங்கலிலிருந்து இறுதி வெற்றிவரை பார்த்த 17-ஆவது இந்திய டிவிஷனின் கைச்சின்னம் கறுப்புப் பூனை. தாத்தா கமாண்டோவாக இருந்திருக்க மாட்டார். இம்பால் மலையில் மழையில் நனைந்தவராக இருக்கக்கூடும், அது எந்த விதத்திலும் குறைவல்ல.

சிவப்புக் கழுகைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அது 4-ஆவது இந்திய டிவிஷனின் சின்னம். ஆப்பிரிக்கப் பாலைவனத்திலும் இத்தாலியிலும் போரிட்ட படை. அதோடு போன மதராஸ் சாப்பர்ஸ் கம்பெனி ஒன்றில் சுபேதார் சுப்பிரமணியன் இருந்தார். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கீழ ஒட்டிவாக்கத்துக்காரர். 1944 பிப்ரவரியில் இத்தாலியில் கண்ணிவெடி அகற்றும்போது ஒன்று வெடிக்கப்போவதைக் கண்டு, அதன்மேல் விழுந்து தன்னுடன் இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் கிடைத்தது. இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் பிறந்தவர். இந்தப் பெயர் நம் பள்ளிக்கூடங்களில் கேட்காதது எனக்கு வருத்தம்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகும் 4-ஆவது டிவிஷன் கழுகை விடவில்லை. 1987-இல் இலங்கைக்குப் போன அமைதிப்படையிலும் அந்த டிவிஷன் இருந்தது. ஆகவே சென்னைப் புறநகரில் கிடைக்கும் சிவப்புக் கழுகு 1942-ஆம் வருடத்து எகிப்திலிருந்தும் வந்திருக்கலாம், 1988-ஆம் வருடத்து வன்னியிலிருந்தும் வந்திருக்கலாம். படம் ஒன்றுதான். வித்தியாசம் துணியிலும் நூலிலும் இருக்கிறது.

அன்றைய துணி எப்படி இருந்தது என்பதை நம் பாட்டிமார்கள் தொட்டே சொல்வார்கள். பிரிட்டனில் பருத்தியில் அச்சடித்தார்கள். இந்தியாவில் கன்டோன்மென்ட் கடைவீதித் தையல்காரர் கம்பளித் துணியையும் காக்கி டிரில்லையும் வெட்டி, மேலே நூல்போட்டுத் தைத்தார். பெரம்பூர் பி அண்ட் சி மில்லின் காக்கி அந்நாளில் பட்டாளத்துத் துணி. 1996-இல் மூடப்பட்ட அந்த மில்லின் நெசவு இன்னும் சில சின்னங்களின் முதுகில் இருக்கிறது. கையால் செய்தது என்பதால் ஒரே பட்டறையில் பிறந்த இரண்டு பூனைகளுக்கு வால் ஒன்றுபோல் இருக்காது. இதைப் பார்த்துப் போலி என்று தூக்கிப்போட்டவர்கள் உண்டு. கோணல்தான் அங்கே நம்பத்தக்க சாட்சி.

துண்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் துருப்பிடித்த டிச் பட்டன் இருந்தால் நல்லது. வெப்பநாட்டுச் சட்டை அடிக்கடி சலவைக்குப் போகும். சின்னத்தின் சாயம் சட்டையில் இறங்காமல் இருக்க, கழற்றி மாட்டும்படி வைத்தார்கள். ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு, இரண்டு புள்ளி என்று ஏதாவது இருந்தால் அது அழுக்கு அல்ல. சேங்கொட்டைச் சாற்றால் சலவைத் தொழிலாளி போட்ட குறி. எந்தச் சோப்புக்கும் போகாது. இன்னொரு கவனிப்பு: மிருகமோ பறவையோ வரும் சின்னங்களை ஜோடியாகத் தைப்பார்கள், முகம் முன்னோக்கி இருக்க வேண்டும் என்பதற்காக இடதும் வலதும் எதிரெதிராகத் திரும்பியிருக்கும். ஒரே பெட்டியில் எதிரெதிர்ப் பக்கம் பார்க்கும் இரண்டு கழுகு இருந்தால் அவை ஒரே சட்டையிலிருந்து வந்தவை.

எல்லாத் துணியும் பட்டாளத்துத் துணி என்று நம்பிவிடவும் கூடாது. கறுப்பில் எட்டு முனை வெள்ளைச் சிலுவை செயின்ட் ஜான் ஆம்புலன்ஸுடையது. சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் மூன்றும் சேர்ந்தால் 1948-இல் தொடங்கிய என்.சி.சி. ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியர்கள் பலர் 1947-க்கு முன்பு துணைப்படையில் சேர்ந்திருந்தார்கள். தென்னிந்திய ரயில்வேக்கென்றே ஒரு துப்பாக்கிப் படை இருந்தது. பரங்கிமலைப் பக்கத்து வீடுகளில் அந்த வழியும் உண்டு. யானைகளோடு சங்கு வந்தால் திருவிதாங்கூர் சமஸ்தானம். யானை மட்டும் நின்றால் அசாயே யானை, அதாவது 1803-இல் நடந்த அசாயே போரின் நினைவு. மதராஸ் ரெஜிமெண்டின் சின்னத்தில் இன்றும் நிற்கும் யானை அதுதான்.

இன்றைய தாம்பரத்துக்கு வருவோம். விமானப் பயிற்சியாளர்களை உருவாக்கும் பள்ளி 1954-இல் இங்கே வந்தது, இன்னும் இருக்கிறது. 2024 அக்டோபர் 8-இல் விமானப்படை தினத்தின் அணிவகுப்பே இங்கேதான் நடந்தது. பரங்கிமலையில் 1962 போருக்குப் பின், 1963-இல் தொடங்கிய அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி 1988-இல் அகாடமி ஆயிற்று. 1992 முதல் பெண்களும் அங்கே பயில்கிறார்கள். இலங்கையில் உயிர்நீத்துப் பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் அங்கே பயின்றவர். அணிவகுப்பு மைதானத்துக்கு அவர் பெயர்தான். பயிற்சி முடிந்த அன்று பெற்றோரே மகன் அல்லது மகளின் தோளில் நட்சத்திரம் குத்துகிறார்கள். அன்றைக்குச் சின்னம் எங்கோ தொலைவில் ஏறி, வீட்டுக்கு விளங்காமலே பெட்டியில் இறங்கியது. இன்று வீட்டார் கையாலேயே ஏறுகிறது.

சின்னங்களும் வேகமாக மாறுகின்றன. 2022 படை தினத்தில் ராணுவம் புதிய டிஜிட்டல் அச்சுச் சீருடையைக் காட்டியது, அந்த வடிவத்தைத் தன் பெயரில் பதிவும் செய்துகொண்டது. 2023 ஆகஸ்டு முதல் பிரிகேடியரும் அதற்கு மேற்பட்டவர்களும் ரெஜிமெண்ட் அடையாளம் இல்லாத ஒரே மாதிரி உடுப்பை அணிகிறார்கள். ஆவடி உடைத் தொழிற்சாலை 2021 முதல் புதிய அரசு நிறுவனம் ஒன்றின் கீழே போய்விட்டது. ஊருக்குள்ளும் அதே கதை. தாம்பரம் 2021-இல் மாநகராட்சியாகி, 2022-இல் தனிக் காவல் ஆணையரகம் பெற்றது. காவலரின் கைச்சின்னத்திலும் ஊர்ப்பெயர் ஏறியாயிற்று. இன்று நாம் குப்பையில் போடும் வெல்க்ரோப் பட்டை இன்னொரு ஐம்பது வருடத்தில் புதிராகத்தான் போகும்.

ஜி.எஸ்.டி. சாலையில் ராணுவ அச்சுச் சட்டை வாங்குவதும் பைக் ஜாக்கெட்டில் எந்த டிவிஷன் சின்னத்தையும் ஒட்டிக்கொள்வதும் இன்றைக்குச் சாதாரணம். படைவீரர் என்று மற்றவர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அணிந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆவது பிரிவில் மூன்று மாதம் வரை சிறை உண்டு. வீட்டில் நினைவுப்பொருளாக வைத்திருப்பதற்குச் சட்டம் குறுக்கே வராது. ஆனால் இந்தப் புதுப் பெருக்கம் பழைய துணியைத் தேடுகிறவருக்குத் தொல்லை. பர்மாச் சின்னங்களுக்கும், ஜெர்மனியில் நேதாஜி உண்டாக்கிய இந்திய லெஜியனின் பாயும் புலிக்கும் மறுபதிப்புகள் ஏராளம். மளிகைக்கடையில் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கின்கீழ் பிடித்துப் பார்க்கலாம். இந்தக் கால நூல் பளிச்சென்று நீலமாக ஒளிரும், அந்தக் காலத்து நூல் மங்கலாகவே கிடக்கும். இதையும் முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. யாராவது சோப்புத்தூள் போட்டுத் துவைத்திருந்தால் அசல் துணியும் ஒளிரும். ஓரம் முழுவதும் தடிமனாக ஓவர்லாக் அடித்திருந்தால் அது போருக்குப் பல வருடம் பிந்திய வேலை. நூலைக் கொளுத்தி வாசனை பார்க்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள். இருப்பது ஒரு துண்டு.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய டிரங்க் ரோடு நெடுகப் பூட்டு, ரேடியோ, நாணயம், புறா என்று எல்லாம் விற்கிறார்கள். வீடு இடித்தவர்கள் கொடுத்த பெட்டிகளும் வந்து சேர்கின்றன. அந்த விரிப்பில் ஒரு இஸ்பேட் சின்னம் வந்து விழும்போது அதைப் பெயர் சொல்லி அடையாளம் காண்பது இன்று கடினமே இல்லை. படம் பிடித்தால் கைபேசி சொல்லிவிடும். ஆனால் அது 25-ஆவது டிவிஷன் என்று தெரிவது பாதி வேலைகூட இல்லை. டிவிஷனில் பல ஆயிரம் பேர். காலாட்படை மட்டும் இல்லை, டிரைவர், சமையல்காரர், கம்பவுண்டர், பாலம் கட்டியவர், கோவேறு கழுதை ஓட்டியவர் எல்லாரும் அதே துணியைத்தான் தைத்துக்கொண்டார்கள். இவர் யார், எந்த ஊர், எதைப் பார்த்தார் என்பது பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்த சேதி. மெடல் ஒருவர் கையிலும், சின்னம் இன்னொருவர் கையிலும், சம்பளப் புத்தகம் பழைய பேப்பர் கடையிலும் போன பிறகு அதை எந்த நிபுணராலும் திரும்பச் சேர்க்க முடியாது. அன்றைக்குச் சொல்ல ஆளிருந்தார்கள், கேட்பவர் இல்லை. இன்றைக்குக் கேட்பவர்கள் நிறைய இருக்கிறார்கள், சொல்ல ஆளில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இந்தப் பகுதியிலேயே ஓர் இடம் இருக்கிறது. நந்தம்பாக்கத்தில் மவுண்ட் - பூந்தமல்லி சாலையிலுள்ள மெட்ராஸ் போர்க் கல்லறை. 1952-இல் அமைந்தது. இரண்டாம் உலகப் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டோர் அங்கே இருக்கிறார்கள். பல கற்களின் தலையில் அவரவர் ரெஜிமெண்டின் சின்னம் செதுக்கியிருக்கிறது. துணியில் கலைந்துபோன வடிவம் கல்லில் தெளிவாக நிற்கும், பக்கத்திலேயே பெயரும் நாளும் இருக்கும். உள்ளே போக யாரிடமும் சிபாரிசு வேண்டாம். புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திலும் பழைய சீருடைகளும் பதக்கங்களும் இருக்கின்றன.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு துணி இருந்தால், முதலில் அதைத் துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், சட்டையில் தைத்திருந்தால் பிரிக்காதீர்கள். முன்னும் பின்னும் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். சாயமில்லாத பழைய வேட்டித் துணியில் சுற்றி வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். பிறகு வீட்டிலுள்ள மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, இது யாருடையது, எந்த ஊரிலிருந்து கடிதம் வந்தது, எப்போது லீவில் வந்தார், உடன் இருந்த நண்பர் பெயர் என்ன என்று கேட்டு அவர் சொன்னபடியே ஒரு தாளில் எழுதுங்கள். மெடல் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள், எண் பொறித்திருக்கலாம். அந்த எண்ணை வைத்து வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்ட் பதிவகத்துக்கோ பெங்களூரிலுள்ள மதராஸ் சாப்பர்ஸ் பதிவகத்துக்கோ எழுதிக் கேட்கலாம். பெட்டியை விற்றாக வேண்டும் என்றாலும் மெடல், துணி, காகிதம் மூன்றையும் சேர்த்தே கொடுங்கள், எழுதிய தாளையும் உள்ளே வையுங்கள். பாட்டியிடம் கேட்பதை மட்டும் அடுத்த பொங்கலுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.